‘உன்னைப் பார்க்க வந்தபோதுதான்’ என்னும் வாக்கியம்

கேள்வி:

எங்கள் ஊர் கருங்கல் பக்கம். என் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வருவதற்காக, 2008 நவம்பர் 26 அன்று மும்பை வி.டி. நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பயங்கரவாதிகள் சுட்டதில் இறந்துபோனார். அவருக்கு அப்போது 31 வயது, எனக்கு 26. மகனுக்கு நான்கு வயது. மகள் பிறந்து நான்கு மாதம். அவர் கப்பலில் இருக்கும்போது பிறந்தவள் என்பதால் அவளை அவர் பார்த்ததே இல்லை. மகளைப் பார்க்கத் துடித்துக்கொண்டு வந்தார் என்று வீட்டில் இன்றும் சொல்லாத நாள் இல்லை. அந்தச் சமயத்தில் உறவில் சிலர் பிள்ளையின் ராசியைப் பற்றி ஏதேதோ பேசினார்கள், நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இந்த ஆண்டு அப்பாவின் நினைவுத் திருப்பலிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “எனக்கு அவரைத் தெரியாது, படத்தைப் பார்த்தால் அண்ணன் மாதிரி இருக்கிறார், நான் எதற்கு அழ வேண்டும்?” என்கிறாள். மாமியார் மனம் உடைந்து, கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டார். ஆனால் இரவில் எழுந்து பார்த்தால், போனில் அந்தத் தாக்குதலின் வீடியோக்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகனோ கோபமூட்டும் வீடியோக்களை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். போலீசாரிடமிருந்து கொழுந்தன் வாங்கி வந்த அவருடைய பெட்டி 17 வருடமாக அலமாரியில் பூட்டியபடியே இருக்கிறது. ஞாபகமே இல்லாத பிள்ளைக்கு அப்பாவின் ஞாபகத்தை எப்படிக் கொடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிய பிறகே இக்கடிதத்தை வெளியிடுகிறோம். 26 வயதில் இரண்டு பிள்ளைகளுடன் தனித்து நின்ற நீங்கள், இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்களைப் பற்றி உங்கள் வயதைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கேள்வி ஞாபகத்தைப் பற்றியது. ஆனால் கடிதத்தைப் படித்தபோது நான் நின்றுவிட்ட இடம் வேறு. ‘மகளைப் பார்க்கத் துடித்துக்கொண்டு வந்தார்’ என்று வீட்டில் தினமும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, ராசியைப் பற்றிச் சிலர் பேசியதையும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளும் உங்கள் மகளின் மனத்தில் ஒரே வரியாகச் சேர்ந்திருக்கக்கூடும் என்பதே என் கவலை.

நீங்கள் அந்த வாக்கியத்தை அன்பினால் சொல்கிறீர்கள். பார்க்காத மகள்மேல் அப்பாவுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். ஆனால் கேட்கும் பிள்ளையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். என்னைப் பார்க்க வந்தார், அதனால் அந்த நிலையத்தில் இருந்தார், அதனால் இறந்தார், அப்படியானால் நான் பிறக்காமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று ஒரு குழந்தையின் மனம் தானாகவே கணக்குப் போடும். ஐந்து வயதில் போட்ட அந்தக் கணக்கைப் பதினேழு வயதில் அறிவு மறுத்தாலும் மனம் அழிப்பதில்லை. அதோடு, நம் பக்கத்தில் இப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘அப்பனைத் தின்ன பிள்ளை’ என்று சொல்லும் கொடுமை இன்னும் ஓயவில்லை. நேரே சொல்லாவிட்டாலும் கல்யாண வீட்டிலோ கல்லறையிலோ யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது உங்கள் பெருந்தன்மை. அவளுக்கு அது பேசக்கூடாத விஷயமாக, ஒருவேளை உண்மையாகவும் இருக்குமோ என்ற சந்தேகமாகத் தங்கியிருக்கலாம். ஆண்டுதோறும் திருப்பலியில் முன்வரிசையில் உட்காரும்போது ஊரே தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றினால், ‘வர மாட்டேன்’ என்பது கல்நெஞ்சு ஆகாது. அந்தப் பார்வையை இனியும் தாங்க முடியாது என்பதை அவள் வேறு வார்த்தைகளில் சொல்கிறாள்.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பகுதிகளின் வீடுகளுக்குப் போனபோது, பல பெண்கள் சொன்ன முதல் வாக்கியம் புயலைப் பற்றியதாக இருக்கவில்லை. “பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு நான்தான் சொன்னேன், அதனாலதான் கடலுக்குப் போனாரு” என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த எட்டு வயதுப் பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஃபீஸ் அவனுடையது. அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுங்கள். ‘அப்பா கடலுக்குப் போனார்.’ ‘புயல் வந்தது, எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.’ நடுவில் ‘அதனால்’ வேண்டாம். அவர் அதைச் சொல்லிப் பழகுவதற்குப் பல வாரங்கள் ஆயின. பையன் அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான்.

உங்கள் வீட்டிலும் இதையே செய்யச் சொல்கிறேன். ‘அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்’ என்பது ஒரு வாக்கியம். ‘துப்பாக்கியோடு வந்த இருவர் அவரையும் இன்னும் பலரையும் சுட்டுக் கொன்றார்கள்’ என்பது வேறு வாக்கியம். முதல் வாக்கியம் அவருடைய அன்பைச் சொல்கிறது, இரண்டாவது கொலைகாரர்களின் குற்றத்தைச் சொல்கிறது. இரண்டையும் இணைக்கும் கயிறு கிடையாது. மகள் பிறந்திருந்தாலும் பிறக்காவிட்டாலும் ஒப்பந்தம் முடிந்தால் கப்பல்காரர் ஊருக்கு வருவார். மும்பை வந்து இறங்கியவர் அந்த நிலையத்துக்குத்தான் வருவார். இதை மகளிடம் ஒருமுறையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவள் கேட்காமலே சொல்லுங்கள். “உன் ராசியைப் பற்றி ஊரில் சிலர் பேசினது எனக்குத் தெரியும். அது பொய். அன்றைக்கே நான் அதை எதிர்த்துப் பேசியிருக்கணும், பேசாமல் விட்டது என் தப்பு” என்று நீங்கள் சொன்னால், அந்த ஒரு மன்னிப்பு பல ஆண்டு ஆலோசனையைவிட அதிக வேலை செய்யும். அவள் அழுதால் அழட்டும். எழுந்து போய்விட்டால் போகட்டும், பின்னாலேயே போகாதீர்கள்.

அடுத்து, இரவில் பார்க்கும் அந்த வீடியோக்கள். தெரியாத மனிதர் என்று பகலில் சொல்பவள் இரவில் எதைத் தேடுகிறாள்? பெரும்பாலும் அவரைத்தான். கூட்டம் ஓடும் காட்சியில் எங்காவது ஒரு ஓரத்தில் அப்பாவின் சட்டையாவது தெரியாதா என்று தேடும் பிள்ளைகளை நான் அறிவேன். கொடுமை என்னவென்றால், அந்தப் படங்களில் திரும்பத் திரும்பத் தெரிவது கொன்றவனின் முகம். அன்றிரவு மும்பையில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள், அந்த ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? பிடிபட்ட ஒருவனின் முகமும் பெயரும் நாடு முழுவதும் தெரியும். அவன் 2012 நவம்பர் 21 அன்று தூக்கிலிடப்பட்டதும் தெரியும். இதனாலேயே அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் மகளுக்கு அப்பாவின் முகத்தைவிட அப்பாவைக் கொன்றவனின் முகம் பழகிப்போயிருக்கிறது. பெரியவர்களாகிய நாம் இதற்குப் பரிகாரம் செய்தே ஆக வேண்டும்.

இதற்காகப் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள், அவள் ஒளிந்து பார்ப்பாள். ஆனால் இந்தப் பழக்கம் தீங்கற்றதும் அல்ல. 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு செய்த ஓர் ஆய்வில், அந்தச் செய்திகளை நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களிடம், நிகழ்வை நேரில் எதிர்கொண்டவர்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டன. எனவே அவள் அருகில் உட்கார்ந்து, “எதைப் பார்க்கிறே மக்களே, நானும் பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: அவர் நிலையத்தில் எந்தப் பக்கம் இருந்தார், எங்கே குண்டு பட்டது, மருத்துவமனைக்குக் கொண்டு போனார்களா, யார் அடையாளம் காட்டினார்கள், உடல் எப்போது ஊருக்கு வந்தது. பதினேழு வயதுப் பெண் இவற்றைக் கேட்கத் தகுதியானவள். வீட்டில் சொல்லாததைத்தான் அவள் வெளியே தேடுகிறாள். அந்த இரவில் வேறொரு காரியமும் நடந்தது, அதையும் சொல்லுங்கள். நிலையத்தின் அறிவிப்பாளர் தன் அறையை விட்டு ஓடாமல், பயணிகளை வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் தொடர்ந்து அறிவித்துப் பலரைக் காப்பாற்றினார். மனிதர்கள் அன்று சுடமட்டும் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஞாபகமே இல்லாத பிள்ளைக்கு ஞாபகத்தைக் கொடுக்க முடியுமா? ‘ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்கும்வரை முடியாது. நான்கு மாதக் குழந்தைக்கு எதுவும் நினைவில் நிற்காது என்பதோடு, அவள் விஷயத்தில் நினைவில் நிற்பதற்கு ஒரு சந்திப்புகூட நடக்கவில்லை. அவளிடம் இருப்பது இடம் காலியாக இருக்கும் துயரம். ஒருவரை இழந்த துயரமும், ஒருவர் வராமலே போன துயரமும் வேறு வேறு. உங்களுக்கும் மாமியாருக்கும் முதலாவது, அவளுக்கு இரண்டாவது. உங்களைப் போல அவள் அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் வீட்டில் சண்டை வருகிறது. ஆனால் அறிமுகம் செய்துவைக்க முடியும். அமெரிக்காவில் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 குழந்தைகளோடு பேசி, ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வார்டனும் அவர்களுடைய சக ஆய்வாளரும் 1992இல் எழுதியது, துயரத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் துறையின் எண்ணத்தையே மாற்றியது. இறந்தவரை மறந்து விலகினால்தான் துயரத்திலிருந்து குணமடைய முடியும் என்று அதுவரை நினைத்திருந்தோம். அந்தக் குழந்தைகளோ கனவில் கண்டும், மேலிருந்து பார்ப்பதாக நம்பியும், கல்லறையில் போய்ப் பேசியும், ஒரு சட்டையையோ கடிகாரத்தையோ வைத்துக்கொண்டும் உறவைத் தொடர்ந்தார்கள். வளர வளர அந்த உறவை அவர்கள் மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். மகள் கட்டிக்கொள்ளச் செங்கல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் உங்கள் வேலை. வீட்டை நீங்கள் கட்டிக் கொடுக்க முடியாது.

செங்கல் என்று எதைச் சொல்கிறேன்? சுவரில் மாலை போட்ட படத்தைச் சொல்லவில்லை. அந்தப் படத்தில் இருப்பவருக்கு என்றும் 31 வயது. உங்கள் மகனுக்கு இப்போது 21. மகள் அவரை அண்ணன் மாதிரி என்று சொன்னதில் தவறே இல்லை, மிகச் சரியாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தேவை, அந்த மனிதரின் அன்றாடம். மரச்சீனிக்குச் சாளைக்கறி வேண்டுமா, வேறு மீன் வேண்டுமா? கையெழுத்து எப்படி இருக்கும்? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருந்துவிடுவாரா? யாருக்குக் கடன் கொடுத்து ஏமாந்தார்? கடலில் இருந்தவருக்கு எதைக் கண்டால் பயம்? அவருடைய குறைகளையும் சொல்லுங்கள். கொல்லப்பட்டவர் என்பதால் ஊர் அவரைப் புனிதராக்கிவிடும். புனிதரை வணங்கலாம், அவரோடு கோபித்துக்கொள்ள முடியாது. பிள்ளைக்கு அப்பா என்றால் கோபித்துக்கொள்ளவும் முடிய வேண்டும்.

கப்பல் ஊழியர்களின் பணிப் பதிவேடான அவருடைய சி.டி.சி. புத்தகம் வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தக் கப்பலில் எந்த நாளில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று முத்திரையோடு பதிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைவிட நல்ல வாழ்க்கை வரலாறு கிடைக்காது. அதைப் பார்த்து ஓர் உலக வரைபடத்தில் துறைமுகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அவள் பிறந்த நாளில் அவர் எந்தக் கடலில் இருந்தார் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். நம் மாவட்டத்தில் கப்பல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவரோடு ஒரே கப்பலில் இருந்த ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். மகள் பிறந்த செய்தி கிடைத்த நாளில் அவர் என்ன செய்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, அந்த மனிதருக்குத் தெரியும். அப்பா தன்னைப் பார்க்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதை வேற்று மனிதர் வாயிலிருந்து கேட்பது, நீங்கள் ஆயிரம் முறை சொல்வதைவிட நிலைத்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் உங்களைப் பற்றிக் கேட்கிறேன். அவர் பிள்ளைகளுக்கு அப்பா என்பதற்கு முன்னால் உங்களுக்குக் கணவர். பெண் பார்க்க வந்தபோது என்ன பேசினார், முதல் முறை கப்பல் ஏறப் போனபோது நாகர்கோவில் ஸ்டேஷனில் நீங்கள் எப்படி நின்றீர்கள், துறைமுகத்தில் இறங்கி அழைத்தபோது ஐந்து நிமிடத்தில் என்னென்ன பேசினீர்கள், இவற்றை மகளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? இத்தனை வருடம் நீங்கள் விதவையாகவும் அம்மாவாகவும் மட்டுமே இருந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் மௌனத்திலிருந்து எனக்குப் படுகிறது. உங்கள் காதலைப் பிள்ளைகள் முன் பேசுவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. தன் அப்பா ஓர் இளைஞராக ஒரு பெண்ணை விரும்பினார் என்று தெரியும்போது, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவர் முதல் முறையாக உயிருள்ள மனிதராகத் தெரிவார்.

பெட்டியைத் திறக்கலாம். ஆனால் நவம்பர் 26இல் வேண்டாம், மாமியார் அழும் வேளையிலும் வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும், உங்கள் அக்காவையோ நெருங்கிய தோழியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். அந்த இரவின் கறை படிந்த துணி இருக்கலாம். அது பிள்ளைகளின் கண்ணில் எச்சரிக்கை இல்லாமல் படக் கூடாது. அப்படி இருந்தால் தனியே எடுத்து வைத்து, ‘இப்படி ஒன்று இருக்கிறது, வேண்டும் என்றால் பின்னால் காட்டுகிறேன்’ என்று சொல்லுங்கள். எரிக்கவோ மறைக்கவோ வேண்டாம். பிறகு இரண்டு பிள்ளைகளிடமும் பார்க்க விருப்பமா என்று கேளுங்கள், ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பார்க்காத மகளுக்காக அவர் ஏதாவது வாங்கி வந்திருந்தால், அதைப் பேச்சில்லாமல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். “உனக்காகத்தான் வாங்கி வந்தாரு” என்றுகூடச் சொல்ல வேண்டாம், அவளுக்கே தெரியும்.

திருப்பலிக்கு இந்த ஆண்டு அவளை வற்புறுத்த வேண்டாம். நம் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் நின்று தத்தம் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, எல்லோரும் தங்கள் இறந்தவர்களைப் பார்த்து நிற்பதால் யாரும் அவளைப் பார்க்கப்போவதில்லை. அடுத்த ஆண்டு அவளுக்கு விருப்பம் இருந்தால் அதிலிருந்து தொடங்கட்டும். உங்கள் மாமியாரிடம் கடுமையாகப் பேசாதீர்கள். அவர் மகனைப் பறிகொடுத்த தாய். பேத்தி அழாவிட்டால் தன் மகனுக்காக அழ உலகில் ஆளில்லாமல் போகும் என்று பயப்படுகிறார். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். மகன் பிறந்த கதையிலிருந்து கப்பல் ஏறிய கதைவரை, பேத்தி கேட்கக் கேட்கச் சொல்லும் வேலை. அந்த 31 வருடங்களில் பெரும்பகுதி அவரிடம் மட்டுமே இருக்கிறது, அவருக்கும் வயதாகிறது. ஒரு போனில் குரலைப் பதிவு செய்து வைத்துவிடுங்கள்.

மகனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஓரிரு காட்சிகள் நினைவில் இருக்கும். தங்கைக்கு இல்லாத அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறான். அவன் கோபம் நியாயமானது. ஆனால் அதை ஒரு மதத்தின் மேல் திருப்பிவிடக் காத்திருப்பவர்கள் அவன் போனில் இருக்கிறார்கள். அன்று அந்த நிலையத்தில் இறந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதையும், கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களின் உடல்களைத் தங்கள் அடக்கஸ்தலத்தில் புதைக்க மும்பை முஸ்லிம்கள் இடம்தர மறுத்தார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். தன் அப்பாவின் மரணத்தை யாரோ தங்கள் பிரசாரத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதிப்பாயா என்று அவனிடம் கேளுங்கள். அறிவுரையைவிட அந்தக் கேள்வி அவனை யோசிக்க வைக்கும்.

மகளுக்குத் தூக்கம் கெடுவது வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாடும் படிப்பும் சரிந்தாலோ, ‘நான் பிறந்திருக்கவே கூடாது’ என்ற பொருளில் ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவு நேரமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி வரும் ஆண்டுகளில் நவம்பர் 26ஐ உங்களுக்கும் மாமியாருக்கும் உரிய நாளாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு அவருடைய பிறந்த நாளைக் கொடுங்கள் என்பது என் யோசனை. அன்று தொலைக்காட்சியில் எந்தக் காட்சியும் ஓடாது. அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அந்தக் கப்பல் நண்பரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அந்த நண்பரைத் தேடும் வேலையை மகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். சி.டி.சி. புத்தகத்தில் உள்ள கடைசிக் கப்பலின் பெயரிலிருந்து அவள் தொடங்கலாம்.